ஒரே போனில் இரண்டு பேர்

புதிதாகச் சோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கோமதி கேட்டார். இன்று அவர் உங்கள் பிரிவின் தலைவர். நான் ஓய்வு பெறும்வரை என்னோடு வேலை பார்த்தவர். "நல்லா வேலை செஞ்ச கதை வேணாம் சார், அது எல்லார்கிட்டயும் இருக்கு" என்று மட்டும் சொன்னார். வேறு எந்தக் கதை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான்.

நான் ஒரு சோதனையை ஓடவிடாமல் நிறுத்தினேன். அதனால் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேனைத் தவறவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துச் சொன்னால், செய்த தவறை வைத்து நான் கதை கட்டுவது போல ஆகிவிடும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மென்பொருள் சோதனை செய்தேன். பெரும்பகுதி கோலாலம்பூரில், குளிரூட்டிய அறைகளில். கடைசி ஐந்தாண்டுகள் மட்டும் இங்கே, தானா ராத்தாவில், கடைவரிசை மாடியில் இருந்த நம் பழைய அலுவலகத்தில். இந்தக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். திரும்பி வந்தபோது, எனக்குத் தெரியாதது இங்கே எதுவும் இல்லை என்ற எண்ணத்தோடுதான் வந்தேன்.

வடக்குப் பாதையில், கோலா தெர்லாவைத் தாண்டி இருக்கும் ஒரு தோட்டம் நம்மிடம் ஒரு வேலை கொடுத்தது. அங்கே தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வேன் உண்டு. திங்களும் வியாழனும் தானா ராத்தாவுக்குப் போகும். புதன்கிழமை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கும். இடம் வேண்டியவர்கள் கிராணியிடம், அதாவது தோட்டத்து எழுத்தரிடம், போய்ச் சொல்வார்கள். அவர் ஒரு நோட்டில் பெயர் எழுதுவார். அந்த நோட்டுக்குப் பதிலாக ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றார் தோட்டத்து மேலாளர், எங்கள் பேச்சில் துரை. போனில் பெயரும் நாளும் போட்டு அழுத்தினால் இடமும் விடுப்பும் ஒன்றாகப் பதிவாக வேண்டும். அவ்வளவுதான் வேலை. சின்ன வேலை என்று நினைத்தோம்.

நாம் எப்படிச் சோதிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு உட்கார்ந்து, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு, சாதாரணத் தமிழ் வாக்கியங்களாக எழுதுகிறோம். இன்னது இருக்கும்போது, இன்னது செய்தால், இன்னது நடக்க வேண்டும். மூன்று படி. பிறகு அந்த வாக்கியங்களையே இயந்திரம் படித்து, பக்கத்தைத் திறந்து, அழுத்த வேண்டியதை அழுத்தி, நடந்ததா இல்லையா என்று சொல்கிறது. நடந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

அந்த வாக்கியங்களைக் கேட்டு எழுத, நானும் கோமதியும் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து வெட்டும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலுக்கு மண்டோர் ஓர் அம்மா. வேலையை மேற்பார்க்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேரு போட்டா எல்லாத்துக்கும் என்னையத்தான் தேடுவாங்க" என்றார். ஆகவே மண்டோரம்மா என்றே எழுதுகிறேன். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் அவருக்குத்தான் முதலிடம். அவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கணினியைத் தொட்டதில்லை.

கோமதி மூன்று படி வாக்கியத்தை வாசித்துக் காட்டினார். மண்டோரம்மா சிரித்து, இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சொன்னார்.

"இது குறி சொல்றது லா! 'இன்னது இருந்தா, இன்னது செஞ்சா, இன்னது நடக்கும்.' எங்க கோயில்ல சாமி வந்தா இப்பிடித்தான் சொல்லும்."

"சாமி சொன்னது நடக்குமா அக்கா?" என்றார் கோமதி.

"பாதி நடக்கும். மீதிக்கு நாங்கதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லிரும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சொல் பிறகு எனக்கே வந்து சேரும் என்று அப்போது தெரியவில்லை.

அன்று மண்டோரம்மா ஒரு வாக்கியம் சொன்னார். "மழையில யாரும் போனு கொண்டாற மாட்டாங்க. நான்தான் பிளாஸ்டிக் பையில சுத்தி எடுத்தாருவேன். சிக்னலும் இந்தக் கொட்டகையிலதான். அதனால என் ஒரு போன்லதான் எல்லாரும் பதிவோம். அத்தன பேருக்கும் எடம் இருக்கணும்."

கோமதி அதை எழுதிக்கொண்டார்:

மண்டோரின் போனில் ஒருவர் வேனில் இடம் கேட்டிருக்கும்போது,
அதே போனில் அடுத்தவர் இடம் கேட்டால்,
இருவருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இப்படி மூன்று படி கொண்ட ஒவ்வொன்றையும் காட்சி என்போம். அறுபத்து நான்கு காட்சிகள் சேர்ந்தன. அவற்றை நாம் கிளவுடில் ஓட்டினோம். எங்கோ ஒரு நாட்டில், ஓர் அறையில், விதவிதமான போன்களும் கணினிகளும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டிய போனை இணையம் வழியாக எடுத்து, நம் சோதனையை அதில் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நினைவைத் துடைத்துச் சுத்தமாக்கிய போன் கிடைக்கும். ஓட்டம் முடிந்ததும் திரையில் நடந்ததை ஒரு வீடியோவாகவும் தந்துவிடுவார்கள்.

கோமதி தேர்ந்தெடுத்த போன்களில் ஒன்று மிகப் பழையது. மண்டோரம்மாவின் கையில் இருந்த அதே ரகம். மற்ற எல்லாப் போனிலும் அறுபத்து நான்கும் பச்சை. அந்த ஒரு போனில் மட்டும் மண்டோரம்மாவின் வாக்கியம் ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு.

துரைக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு ஓட்டினேன். சிவப்பு. மறுபடி ஓட்டினேன். சிவப்பு. மூன்றாம் முறை பச்சை. நிம்மதியாக அறிக்கை எடுக்கப் போகும்போது கோமதி, இன்னொரு முறை பார்ப்போம் என்று ஓட்டினார். சிவப்பு.

"கிளவுட்டுல ஏதோ தாமதம்" என்றேன்.

"வேற எதுவும் தாமதமாகலையே சார். இது மட்டும் எப்படி?"

"இந்தக் காட்சியே சரியில்ல கோமதி. ஒவ்வொரு காட்சியும் தனியா நிக்கணும். சுத்தமான போன்ல தொடங்கணும். இது ஒருத்தர் விட்ட எடத்துலருந்து இன்னொருத்தர் தொடங்குது."

"அங்க அப்படித்தான் சார் நடக்குது. இது மண்டோரம்மா சொன்னது."

"நான் லயத்துல பொறந்தவன். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

வாதத்தில் தோற்கிறவன் பிறப்பை எடுத்துப் போடுவான். நான் அதைத்தான் செய்தேன். உண்மையில், லயத்தில் பிறந்ததால்தான் எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சுவர்கூட இரண்டு வீட்டுக்குப் பொது. எந்தப் பொருளும் அங்கே ஒரு கையோடு நிற்பதில்லை.

அந்தக் காட்சியின் தலைப்பில் 'தவிர்' என்று ஒரு குறி போட்டேன். குறி போட்டதை இயந்திரம் ஓட்டாது. அறிக்கையிலும் காட்டாது. பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. 'நிலையற்ற சோதனை' என்று எழுதினேன். பிறகு ஓட்டியபோது அறுபத்து மூன்று, எல்லாம் பச்சை.

கோமதி ஒன்று கேட்டார். "அப்ப ஒரு மாசத்துக்காவது கிராணி நோட்டையும் வச்சிக்கச் சொல்லுவோமா சார்?" சொல்லலாம் என்றேன். சொல்லவில்லை. தோட்டத்து ஆபீசில் துரை அறிக்கையைப் பார்த்து, மேலிருந்து கீழ்வரை பச்சையாக இருப்பதைக் கண்டு, "பாகுஸ்!" என்று என் தோளைத் தட்டினார். நல்லது என்று அவர் சொல்லும்போது, நோட்டையும் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை கிராணியின் நோட்டு அலமாரிக்குள் போயிற்று.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் பதிந்தார்கள், வேன் வந்தது. நான் அந்தக் குறியை மறந்தும் போனேன்.

ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் இருக்கும். வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கோமதி கூப்பிட்டார். "மண்டோரம்மா லைன்ல இருக்காங்க சார், உங்ககிட்ட பேசணுமாம்" என்று இணைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். லெட்சுமி என்று ஒரு பெண், மண்டோரம்மாவின் கும்பலில் கொழுந்து வெட்டுகிறவர், நாற்பது தாண்டியவர். மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பார்க்க ஈப்போவில் அன்று பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போன வாரமே மண்டோரம்மாவின் போனில் இடம் பதிந்திருந்தார். கீழ் லயத்திலிருந்து அன்று போக வேண்டியவர் அவர் ஒருவர்தான். வேன் டிரைவரின் பட்டியலில் கீழ் லயத்துப் பெயர் எதுவும் இல்லை. ஆகவே வேன் கீழே இறங்கவே இல்லை. லெட்சுமி கையில் அட்டையோடு லயத்து வாசலில் பனியில் நின்றிருக்கிறார். மேலே ரோட்டில் வேன் போகிற சத்தம் கேட்டிருக்கிறது. ஏறி ஓடி வருவதற்குள் போய்விட்டது. டிரைவருக்குப் போன் போட்டால், மலை இறக்கத்தில் அவருக்கு சிக்னல் இல்லை.

மண்டோரம்மா இதைச் சொல்லி முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்க சரியா அமுக்குனாங்களா?"



"அண்ணே, பக்கத்துல நான்தான் நின்னேன். பதிஞ்சாச்சுன்னு எழுத்து வந்துச்சு. நானே வாசிச்சேன்" என்றார் மண்டோரம்மா.

"அவங்களுக்கு அப்பறம் யாராச்சும் பதிஞ்சாங்களா?"

"மேல் லயத்துப் பொண்ணு ஒண்ணு. கண்ணாடி மாத்தப் போறவ. இவ குடுத்த ஒடனே அவ வாங்கிப் பதிஞ்சா. அவளுக்கு வேன் வந்துச்சு."

அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துரைக்குக் காட்ட வேண்டிய அன்று காலை திரும்பத் திரும்ப ஓட்டிய அந்த வாக்கியம் கண் முன்னால் நின்றது.

பதற்றத்தில் என் மூளை எங்கே போயிற்று தெரியுமா? நிரலுக்குப் போயிற்று. எந்த வரியில் பிழை, யார் எழுதியது, எப்போது திருத்தலாம். மடிக்கணினியைத் திறக்கக் கை போனது. மண்டோரம்மாதான் நிறுத்தினார்.

"அண்ணே, மிஷின அப்பறம் பாருங்க. இவ பத்து மணிக்கு அங்க இருக்கணும். அந்தத் தேதி போனா அடுத்து ரெண்டு மாசம் கழிச்சுத்தானாம். என் கொழுந்தன் திரிங்காப்புல கோஸு ஏத்திட்டு ஈப்போக்குத்தான் எறங்குறான். லோரிய இந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க ஆஸ்பத்திரிக்குச் சொல்லிருங்க, கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்னு. அது உங்களால முடியும்ல?"

அது என்னால் முடிந்தது. நான் செய்த உருப்படியான காரியம் அன்று அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த தாதி மலாயில் பொறுமையாகக் கேட்டார். கேமரன் மலையிலிருந்து லோரியில் வருகிறார் என்றதும், "வரட்டும், டாக்டரிடம் சொல்லி வைக்கிறேன்" என்றார். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றும் அது குறைதான்.

பிறகு என் காரை, இங்கே காடி என்போம், எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. லெட்சுமி பத்தேகாலுக்கே வந்து, சோதனை முடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கோஸ் வாசம். தலைமுடியில் ஒரு இலைத் துணுக்கு. நான் யார் என்று சொன்னேன். எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன்.

"மன்னிச்சிருங்க சார்" என்றார் அவர்.

நான் சொல்ல வந்த வார்த்தையை அவர் சொன்னார்.

"நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குறீங்க?"

"நான்தான் சரியா அமுக்கல போல. அக்கா போன்ல நீங்க கேட்டீங்களே, நான் பக்கத்துலதான நின்னேன். கையி ஈரமா இருந்துச்சு சார் அன்னைக்கு. தொடச்சிட்டுத்தான் அமுக்குனேன். ஒருவேள ரெண்டு தடவ பட்டுருச்சோ என்னமோ. லோரியில வரப்ப பூரா அதான் நெனச்சிட்டு வந்தேன்."

கட்டி என்னவோ என்ற பயத்தோடு மலை இறங்கும் ஒரு பெண், இரண்டரை மணி நேரம், தன் விரலைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த யோசனையை அவருக்குக் கொடுத்தது நான். மண்டோரம்மா சொன்ன சாமிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "நீங்க சரியாத்தான் அமுக்குனீங்க. தப்பு எங்க பக்கத்துல இருந்துச்சு. இருக்குன்னு மிஷின் எனக்குச் சொல்லிச்சு. பல தடவ சொல்லிச்சு. பெரியவங்களுக்குக் காட்டணும்னு நான் அத மறச்சிட்டேன். தெரியாம நடந்தது இல்லம்மா. தெரிஞ்சு செஞ்சேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அப்ப என் கையில தப்பில்ல?" என்றார்.

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டீங்களா சார்? காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நான்" என்றார். கேன்டீனில் ஆளுக்கு ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டோம். லோரி டிரைவர் அவரை இறக்கிவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனாராம். சரக்கு தாமதமாகுமே என்று இவர் சொன்னதற்கு, "கோஸு ஒரு மணி நேரத்துல அழுகாது அக்கா, நீங்க எறங்குங்க" என்றாராம். இதைச் சொல்லி லெட்சுமி சிரித்தார். திரும்பும்போது என் காடியில் அழைத்து வந்தேன். வழியில் தூங்கிவிட்டார்.

அன்று மாலை கோமதியும் நானும் அந்தப் பழைய சிவப்பு ஓட்டத்தின் வீடியோவைத் திறந்தோம். அரை நிமிடம்தான் இருக்கும். முதல் பெயர் பதிவாகிறது. உடனே இரண்டாவது பெயர் தொடங்குகிறது. அந்தப் பழைய போன், முதல் பதிவின் எண்ணை நினைவிலிருந்து விடாமல் வைத்திருக்கிறது. அடுத்தவர் சற்று நிதானமாகத் தொடங்கினால் அது விலகிவிடும். அவசரமாகத் தொடங்கினால், நம் நிரல் இரண்டாவது கோரிக்கையைப் புதிதாக எடுக்காமல் முதலாவதைத் திருத்துவதாக எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் முதல் பெயர் அழிந்து, அதே இடத்தில் இரண்டாவது பெயர் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் 'உங்கள் இடம் பதிவாகிவிட்டது' என்றே திரை சொன்னது. அந்த வீடியோ அத்தனை வாரமும் அங்கேயே இருந்தது. நான் பார்த்தது நிறத்தை மட்டும்.

கோமதி வீடியோவை மூடினார். "திருத்தறது ஒரு மணி நேர வேல சார்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் துரையிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒப்பந்தம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் அந்தப் பழைய அறிக்கையை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு கிராணியைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து நோட்டை எடுக்கச் சொன்னார். "இனி நீங்கள் காட்டும் அறிக்கையில் ஓடாதது என்ன என்பதை முதல் பக்கத்தில் போடுங்கள். பச்சையைப் பின்னால் பார்க்கிறேன்" என்றார். இந்த அலுவலகத்தின் அறிக்கைகளில் முதல் பக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களில் யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான். நம்மை அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

திருத்தம் முடிந்ததும் கொட்டகைக்குப் போய் மண்டோரம்மாவுக்குப் புதிய ஓட்டத்தின் வீடியோவைக் காட்டினோம். அவருடைய போனைப் போலவே ஒரு போன். யாரும் தொடாமலே எழுத்துகள் விழுகின்றன, பட்டன் அமுங்குகிறது.

"யாரு அமுக்குறா?"

"யாருமில்லக்கா, மிஷின்."

"அதான் பாத்தேன். போன்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மழையும் தெரியாது, பின்னால நிக்கிறவ 'சீக்கிரம் குடுடி'ன்னு கத்துறதும் தெரியாது. சொகமான போனு!"

கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். லெட்சுமி அன்று வரவில்லை. முடிவு வந்திருந்தது. புற்றுதான். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

அன்று கொட்டகையில் மண்டோரம்மாவின் சுகமான போனைப் பற்றிய பேச்சை கோமதி அப்படியே வாக்கியமாக்கினார். அடுத்தவர் அவசரப்படும்போது, பாதியில் சிக்னல் போகும்போது, ஈரக் கையால் ஒரே பட்டன் இரண்டு முறை அழுந்தும்போது. புதிதாக ஐந்தாறு காட்சிகள் வந்தன. நான் எழுதியிருந்தால் அவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். ஒரு காட்சிக்குத் 'தவிர்' குறி போட வேண்டுமென்றால், அதைச் சொன்னவரிடம் போய் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். 'இதை இப்போதைக்கு நாங்கள் பார்க்கப் போவதில்லை' என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால்தான் குறி. நான் ஓய்வு பெறும்வரை இரண்டு முறைதான் அப்படிப் போய்ச் சொல்லத் துணிந்தேன். மற்றதையெல்லாம், போய்ச் சொல்வதைவிடத் திருத்துவது எளிதாக இருந்தது. இந்த வழக்கத்தை நீங்கள் விட்டுவிடாதீர்கள். அந்தக் கொட்டகைக்குப் போகிற பாதை மழையில் வழுக்கும். அதைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. எது தவறினாலும், 'அவங்க சரியா அமுக்குனாங்களா' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். நாலாவதாக வேண்டுமானால் கேளுங்கள். அதற்குள் தேவைப்படாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், புதன்கிழமை, தோட்டத்துக்குப் போனேன். அலுவலாக அல்ல. லெட்சுமிக்கு அறுவையும் மருந்தும் எல்லாம் முடிந்து, அன்று ஈப்போவில் மறுபரிசோதனை என்று மண்டோரம்மா சொல்லியிருந்தார். கிராணி நோட்டு மறுபடி அலமாரிக்குப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. இந்த முறை துரையே கேட்டு, மண்டோரம்மாவும் சரி என்ற பிறகு. ஆனாலும் எனக்கு மனம் நிற்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது என்று கோமதி காட்டியும், கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது.

கீழ் லயத்துக்குத் திரும்பும் முனையில் காடியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். பனி இன்னும் கலையவில்லை. ஏழு மணிக்குச் சற்று முன்னால் ரோட்டில் வேன் வந்தது. வேகத்தைக் குறைத்தது. சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கியது. 

திரும்பி ஏறி வரும்போது ஜன்னல் ஓரத்தில் லெட்சுமி உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளித் துண்டு. முடி புதிதாக வளர்ந்து துண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டதும் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"என்னா சார், பனியில நிக்கிறீங்க? வேன் வருதான்னு பாக்கவா?"

தலையை ஆட்டினேன்.

வேன் ரோட்டில் ஏறி வடக்கே திரும்பியது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரிக்கும்படி உரக்கச் சொன்னார்:

"சரியாத்தான் அமுக்கிருக்கேன் லா!"